பின்பக்கம் வைத்த தேசிக்காய்

உருளக்கூடிய எந்தப் பொருளையும் யோகலிங்கம் தேசிக்காய் வைக்காமல் உருளவிட்டதில்லை. புதிதாக வாங்கிய காரின் சக்கரங்களுக்கு அடியில் தேசிக்காய் என்கிற சிறு எலுமிச்சையை வைத்து, அது நசிந்த பிறகே தெருவில் இறக்குவது யாழ்ப்பாணத்தார் எல்லோரும் செய்வதுதான். அவர் அந்த வழக்கத்துக்கு எல்லை எதுவும் வகுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே. மகளின் மூன்று சக்கர சைக்கிளுக்கு வைத்தார். மனைவி குமுதினி சந்தைக்கு இழுத்துச் செல்லும் சக்கரப் பைக்கு வைத்தார். மேசைக்கு முன்னால் போட வாங்கிய சுழல் நாற்காலிக்கு ஐந்து கால்கள் இருந்தமையால் ஐந்து வைத்தார். கீழ்வீட்டு ஜெர்மன் முதியவருக்கு நடைவண்டி வந்தபோது, அனுமதி கேட்டுக்கொண்டு அதற்கும் வைத்தார். முதியவர் நன்றி சொல்லிவிட்டுத் தரையைத் துடைத்துத் தரும்படி கேட்டார்.

இதனால் அவருடைய மேலங்கிப் பையில் தேசிக்காய் எப்போதும் இருக்கும். அங்காடிகளில் கிடைப்பவற்றின் தோல் தடித்தது, அழுத்தினால் வெடிக்காமல் வழுக்கி ஓடும் என்பது அவருடைய அனுபவம். ஆகவே ஹம்பேர்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ரஞ்சினி அக்கா நடத்தும் கடையில்தான் வாங்குவார். அங்கே வாழைக்காய் வாங்க வருகிறவர்கள் கூட, புதுக் கார் எடுத்திருந்தால், யோகலிங்கத்திடம் நாள் கேட்டுக்கொண்டு போவார்கள்.

அவர் வேலை பார்த்தது ஹம்பேர்க்கிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில், வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு நடுத்தர விமான நிலையத்தில். புறப்படும் விமானத்தின் சக்கரங்களைத் தடுத்திருக்கும் கட்டைகளை எடுப்பது, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விமானியோடு பேசியபடி விமானத்துடன் கூட நடப்பது, கடைசியில் கையை உயர்த்தி வழியனுப்புவது ஆகியவை அவருடைய பணிகள். விமானத்துக்குத் தானாகப் பின்னே போகத் தெரியாது. மூக்கருகே ஓர் இழுவண்டி பூட்டி, அதைப் பின்னே தள்ளி விடவேண்டும். அந்த இழுவண்டியை ஓட்டியவர் லூக்காஸ். இருவரும் பதினோரு ஆண்டுகளாக ஒரே குழு. குமுதினி அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்த மாதத்தில், யோகலிங்கத்தின் சனி ஞாயிறு வேலைகளை எல்லாம் லூக்காஸ் கேட்காமலே தன் பெயரில் மாற்றிக்கொண்டார். அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை.

இத்தனை ஆண்டுகளிலும் யோகலிங்கம் ஒரு விமானத்துக்கும் தேசிக்காய் வைத்ததில்லை. அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. அங்கே வந்துபோன விமானங்கள் அனைத்தும் வேறு எங்கோ ஓடிப் பழகியவை. முதல் ஓட்டத்தின்போது செய்யவேண்டியதை அந்தந்த ஊர்க்காரர் செய்திருப்பார்கள் என்று அவர் நம்பினார்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, தொழிற்சாலையிலிருந்து நேராக ஒரு புத்தம்புது விமானம் அங்கே வந்து நின்றது. முதல் பயணமாக அது மறுநாள் காலை பால்மா நகருக்குப் போய், மதியம் திரும்ப வேண்டும். செவ்வாய் காலையில் மேலதிகாரிகள் வந்து கேக் வெட்டினார்கள். தீயணைப்பு வண்டிகள் இரண்டு எதிரெதிரே நின்று நீரைப் பீய்ச்சி, விமானம் நுழைந்துபோக ஒரு தண்ணீர் வளைவு செய்ய ஆயத்தமாயின. யோகலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தெளிக்கிறார்கள், இனிப்புக் கொடுக்கிறார்கள், எல்லாம் முறையாகத்தான் நடக்கிறது, ஒன்று மட்டும் குறைகிறது என்று அவருக்குப் பட்டது. அந்த ஒன்று அவருடைய பையில் இருந்தது.

ஓடுபாதை அருகே எந்தச் சிறு பொருளையும் தரையில் போடக்கூடாது என்பது அங்கே முதல் நாளே படிப்பிக்கும் சட்டம். ஓர் ஆணியோ ஒரு போத்தல் மூடியோ எந்திரத்துக்குள் இழுபட்டால் பெருங்கேடு வரும். யோகலிங்கம் அந்தச் சட்டத்தை நன்றாக அறிவார். தேசிக்காயைப் பொருள் என்று அவர் நினைக்கவில்லை.

அவரை யோசிக்க வைத்தது வேறொரு சிக்கல். கார் முன்னே போகும், ஆகவே தேசிக்காயைச் சக்கரத்தின் முன்னே வைக்கவேண்டும். இதுவோ முதலில் பின்னே போகும். முன்னே வைத்தால் நசியாமல் அங்கேயே கிடக்கும். நசியாத தேசிக்காயால் என்ன பயன்? கட்டைகளை எடுக்கக் குனிந்தபோது அவர் முடிவு செய்தார். நான்கு பெரிய சக்கரங்களின் பின்பக்கத்திலும் ஒவ்வொன்று வைத்துவிட்டு நிமிர்ந்தார். இழுவண்டியில் அமர்ந்திருந்த லூக்காஸ், அவர் சக்கரங்களைப் பரிசோதிக்கிறார் என்று எண்ணிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். விமானம் பின்னே நகர்ந்தது. யோகலிங்கம் மட்டும் கேட்கக்கூடிய மெல்லிய சத்தத்தோடு தேசிக்காய்கள் நசிந்தன.

மதியம் நல்ல மழை. விமானம் திரும்பி வந்து, ஓடுபாதையின் நடுப்பகுதி வரை தரையைத் தொடாமல் மிதந்து, பிறகு தொட்டது. பயணிகளில் சிலர் வழக்கம்போலக் கைதட்டினார்கள். தட்டி முடித்த பிறகும் விமானம் ஓடிக்கொண்டே இருந்ததால், மறுபடி தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஓடுபாதை முடிந்தது, விமானம் முடியவில்லை. அது புல்வெளியைக் கடந்து, கம்பி வேலியைச் சாய்த்து, மஞ்சளாகப் பூத்திருந்த கடுகு வயலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. எல்லோரும் சறுக்குப் பாதையில் இறங்கிப் பூக்களுக்கு நடுவே நனைந்தபடி நின்று புகைப்படம் எடுத்தார்கள். வயலுக்குச் சொந்தக்காரர் உழவு இயந்திரத்தில் வந்து பார்த்துவிட்டு, இதை எப்போது எடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டார்.

யோகலிங்கம் மழைக்குள் நின்று விமானத்தின் வாலைப் பார்த்தார். பின்பக்கம் வைத்த தேசிக்காய் பின்பக்கமாகத்தான் வேலை செய்யும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதுதான் தோன்றியது.

அன்று மாலையே விமானம் காலையில் நின்ற இடத்தைப் பரிசோதித்தார்கள். மூன்று தேசிக்காய்கள் சக்கரங்களோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும். மீதி ஒன்று, தட்டையாகத் தோலும் விதையுமாகக் கிடந்தது. பக்கத்தில் அளவுகோல் வைத்து அதைப் படம் எடுத்தார்கள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் குழுத் தலைவி திருமதி பீட்டர்சன் அந்தப் படத்தைச் சுவரில் காட்டினார். இது யாருடையது என்று கேட்டார்.  எல்லோருடைய தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. லூக்காஸ் காலை மாலை இரு வேளையும் சுடுநீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பவர். அவருடைய அலுமாரியைத் திறந்தால் பழக்கடை வாசம் வரும். அவர் குடிப்பது பெரிய மஞ்சள் பழம், படத்தில் இருப்பதோ சிறியது. ஆனால் ஒரு விமானம் ஏறிப்போன பிறகு அந்த வேறுபாட்டைக் காண்பது கடினம்.

யோகலிங்கம் வாயைத் திறந்தார். அந்த நொடியில் அவருக்குத் தன் நெஞ்சில் தொங்கும் அனுமதி அட்டை நினைவுக்கு வந்தது. அது போனால் ஓடுபாதை வேலை போகும். அவருடைய வயதில் வேறு எங்கும் புதிதாகச் சேர்க்கமாட்டார்கள். திறந்த வாயால் அவர் கொட்டாவி விட்டார்.

விசாரணை முடியும் வரை லூக்காஸ் நிலவறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஓடும் பட்டிகளில் வரும் பயணப் பெட்டிகளைத் தூக்கி வண்டிகளில் அடுக்கவேண்டும். சன்னல் இல்லை. இழுவண்டி ஓட்டும் சான்றிதழ் வேறு யாரிடம் இருக்கிறது என்று பார்த்தார்கள். யோகலிங்கத்திடம் இருந்தது.

கதைகளில் இப்படி ஒரு சங்கடம் வந்தால், ஆடு மேய்ந்த பயிருக்கு மாட்டைப் பிடித்துக் கட்டுவார்கள். ஆடு மாட்டுத் தொழுவத்தில் படுத்துக்கொண்டு, தூக்கம் வராமல், எழுந்து போய் ஒரு நரியிடம் யோசனை கேட்கும். நரி சொல்லும் யோசனை முதலில் இதமாகத்தான் இருக்கும். யோகலிங்கம் போய்க் கேட்டது தபோதரனிடம். அவர் ஹம்பேர்க் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்கு ஒரு புது வான் வண்டி வாங்கியிருந்தார்.

முழுவதையும் கேட்டுவிட்டுத் தபோதரன் எழுந்து வந்து யோகலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"யோகண்ணை, நீங்கள் என்ன கதைக்கிறியள்? பிளேன் வயலுக்கை போய் நிண்டிருக்கு, ஒரு சனத்துக்கு ஒரு கீறல் இல்லை. ஆர் காப்பாத்தினது? உங்கடை தேசிக்காய்தான்."

"அப்ப வயலுக்கை விட்டது ஆர்?"

"அது மழை," என்றார் தபோதரன். "வெள்ளைக்காரருக்கு இது விளங்காது. நீங்கள் வாயைத் திறக்கப்படாது. ஞாயிற்றுக்கிழமை வானுக்கு வந்து வையுங்கோ, முன்பக்கம்."

லூக்காஸ் பாவமில்லையோ என்று யோகலிங்கம் கேட்டார். லூக்காஸ் ஜெர்மன்காரன், அவனுக்கு இங்கே ஆயிரம் வழி இருக்கிறது, நாங்கள்தான் பார்த்து நடக்கவேண்டும் என்றார் தபோதரன். அது கேட்கச் சரியாகவே இருந்தது. ரயிலில் திரும்பி வரும்போது, பதினோரு ஆண்டுகளில் லூக்காஸ் அந்த ஆயிரம் வழிகளில் ஒன்றைக்கூடக் காட்டியதில்லை என்பது யோகலிங்கத்துக்கு நினைவு வந்தது. வாரத்தில் ஆறு நாளும் அந்த இழுவண்டியைத் தவிர அவருக்கு வேறு போக்கிடம் இருந்ததாகவும் தெரியவில்லை.

இழுவண்டியின் இருக்கை வசதியானது. குளிருக்குச் சூடேறும், மேடுபள்ளத்தில் முதுகைத் தாங்கும். லூக்காஸ் தன் உயரத்துக்கு ஏற்றபடி அதை வைத்திருந்தார். யோகலிங்கம் அதை மாற்றாமலே, கால் எட்டாமல், நுனியில் உட்கார்ந்து ஓட்டினார். கீழே நிலவறையில் யாரோ லூக்காஸின் அலுமாரியில் ஒரு பிளாஸ்டிக் எலுமிச்சையைத் தொங்கவிட்டார்கள். அவர் அதைக் கழற்றினார், மறுநாள் இன்னொன்று தொங்கியது. சாப்பாட்டு அறையில் அவர் வந்தால், எலுமிச்சை பிழிந்துவிடுவார் என்று பயந்து மேசை மீதிருந்த தேநீர்க் குவளைகளைப் பத்திரப்படுத்துவதுபோல எல்லோரும் பாவனை செய்தார்கள். யோகலிங்கமும் ஒருநாள் தன் குவளையைச் சற்று நகர்த்தினார். பிறகு அன்று முழுவதும் அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்.

இரண்டு வாரத்தில் நிபுணர்களின் முதல் அறிக்கை வந்தது. பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தது, பின்னிருந்து காற்று அடித்தது, விமானம் பிந்தித் தரை தொட்டது. பழத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. யோகலிங்கம் இரவு நன்றாகத் தூங்கினார். காலையில் பீட்டர்சன் அவரை அழைத்து, லூக்காஸின் விடயம் வேறு என்று விளக்கினார். விமானம் எதனால் ஓடியது என்பது ஒன்று, தரையில் பொருள் போட்டது இன்னொன்று. லூக்காஸ் ஒப்புக்கொள்ளாமல் பிடிவாதம் பிடிப்பதால் வெள்ளிக்கிழமை அவருடைய ஓட்டுநர் சான்றிதழை நிரந்தரமாக எடுத்துவிடப் போகிறார்கள். இழுவண்டி இனி யோகலிங்கத்துக்கே என்றும் சொல்லி வாழ்த்தினார்.

அன்று வேலை முடிந்து வெளியே வந்தபோது, பேருந்துத் தரிப்பிடத்தில் லூக்காஸ் காத்திருந்தார். நிலவறையில் முதுகு பிடித்திருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து நின்றார். ஒரு உதவி கேட்கவேண்டும் என்றார். அவருடைய ஜெர்மன் எப்போதும் சுருக்கமானது.

"நீ அண்டைக்கு என்ரை பக்கத்திலைதான் நிண்டனி. நான் வண்டியை விட்டு இறங்கேல்லை. அதை மட்டும் வெள்ளிக்கிழமை வந்து சொல்லு. வேறை ஒண்டும் வேண்டாம்."

யோகலிங்கம் ஓம் என்றார். அது உண்மை. சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் இறங்கியது யார் என்பதாக இருக்கும்.

"மற்றவங்கள் எல்லாம் சிரிக்கிறாங்கள்," என்றார் லூக்காஸ். "நீ ஒருத்தன்தான் சிரிக்கேல்லை."

பேருந்து வந்தது. யோகலிங்கம் அதில் ஏற மறந்து நின்றார்.

வீட்டில் குமுதினி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அவரிடம் சொல்லாததைச் சொல்ல யோகலிங்கத்துக்கு ஒரு கத்தரிக்காய் வெட்டி முடியும் நேரம் போதுமாக இருந்தது. குமுதினி கத்தியைக் கீழே வைத்தார்.

"பின்பக்கமோ வைச்சனீங்கள்?"

"அது பின்னுக்குத்தானே போறது."

"நல்ல வேளை, ஹெலிகொப்டர் இல்லை," என்றார் குமுதினி.  வேலை போகும், வீட்டுக்கு என்ன செய்வது என்று அவர் கேட்பார் என யோகலிங்கம் காத்திருந்தார். அதற்கான மறுமொழிகளையும் யோசித்து வைத்திருந்தார். குமுதினி கேட்டது வேறு.

"நான் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை உங்கடை வேலையை ஆரப்பா செய்தது?"

யோகலிங்கம் வெட்டிய கத்தரிக்காய்த் துண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"அந்தாளின்ரை கதிரையிலை இருந்து வந்து என்ரை கையாலை சோறு தின்னுறியள்," என்றார் குமுதினி. கத்தியை மறுபடி எடுத்தார். "எப்பிடி இறங்குது?"

அன்று இறங்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்பை அவர் தொடவே இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை. பீட்டர்சனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, பழம் தன்னுடையது என்று சொன்னார். நாள்தோறும் சுடுநீரில் எலுமிச்சை பிழியும் பழக்கம் அவருக்கும் உண்டா என்று பீட்டர்சன் கேட்டார். இல்லை, சக்கரத்துக்கு வைத்தேன் என்றார். பீட்டர்சன் எழுதத் தொடங்கினார். அதன் நோக்கம் என்ன என்று கேட்டார்.

"வாகனத்துக்கு ஒரு ஆபத்தும் வராமல் இருக்க," என்றார் யோகலிங்கம்.

பீட்டர்சன் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தார். விமானத்தை இழுத்துச் சென்ற இடத்தில் கடுகு வயல் நடுவே ஓர் அகலமான பாதை விழுந்திருந்தது. அவர் மறுபடி எழுதினார்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே," என்றார் யோகலிங்கம், தாழ்ந்த குரலில். பீட்டர்சன் அதையும் எழுதிக்கொண்டார்.

சட்டம் யாருக்கும் ஒன்றுதான் என்றார் அவர். இழுவண்டிச் சான்றிதழ் எடுக்கப்படும். அனுமதி அட்டையைப் பற்றி மேலிடம் முடிவு செய்யும், அதுவரை நிலவறை. தானாக வந்து சொன்னதால் வேலை போகாமல் இருக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும், உறுதி தரமுடியாது என்பதையும் சொன்னார். லூக்காஸுக்கு அவரே தகவல் அனுப்பிவிடுவார், யோகலிங்கம் வீட்டுக்குப் போகலாம்.

யோகலிங்கம் போகவில்லை. லூக்காஸின் பக்கம் எல்லோரும் தலையைத் திருப்பியது கூட்டத்தில், ஆகவே தான் சொல்லவேண்டியதும் கூட்டத்தில்தான் என்றார். அது தேவையில்லை என்றார் பீட்டர்சன். எனக்குத் தேவை என்றார் யோகலிங்கம்.

மதியக் குழு கூடியபோது அவர் முன்னே போய் நின்றார். லூக்காஸையும் கீழேயிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். அவர் கதவருகே, முதுகைச் சுவரில் சாய்த்து நின்றார். யோகலிங்கத்தின் ஜெர்மன் வேலைக்குப் போதுமானது, இதற்குப் போதாது. ஆனாலும் சுற்றி வளைக்கவில்லை. பழம் என்னுடையது, நான் வைத்தேன், லூக்காஸ் இருக்கையை விட்டு எழும்பவே இல்லை, இது எனக்கு முதல் நாளே தெரியும், நான் வாயை மூடிக்கொண்டு அவருடைய இருக்கையில் இருந்தேன், என் குவளையையும் நகர்த்தினேன் என்றார். ஏன் வைத்தாய் என்று ஒருவர் கேட்டார். யோகலிங்கம் விளக்கினார். பின்பக்கம் வைத்ததையும் மறைக்கவில்லை. ஒருவர் சிரிக்கத் தொடங்க, அறை முழுவதும் சிரித்தது. இம்முறை அது சேரவேண்டிய இடத்தில் வந்து சேர்ந்தது என்று யோகலிங்கம் நினைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும் வரை அங்கேயே நின்றார்.

லூக்காஸ் சிரிக்கவில்லை. திரும்பிப் படியிறங்கிப் போனார். அவருடைய அன்றைய வேலை நேரம் இன்னும் முடியவில்லை.

யோகலிங்கம் பின்னால் இறங்கினார். நிலவறையில் பட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. கிரேக்கத்திலிருந்து வந்த விமானத்தின் பெட்டிகள் குவிந்திருந்தன. லூக்காஸ் ஒரு பெட்டியைத் தூக்க முயன்று, பாதியில் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"லூக்காஸ்," என்றார் யோகலிங்கம். "நேற்று பஸ் தரிப்பிலை சொல்லியிருக்கவேணும். அதுக்கு முதலே சொல்லியிருக்கவேணும்."

"ஓம்," என்றார் லூக்காஸ். "சொல்லியிருக்கவேணும்."

"என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்க வரேல்லை. அந்தப் பெட்டியை விடு."

லூக்காஸ் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு பெட்டியை விட்டார். சுவரோரமாகக் கிடந்த ஒரு மரப்பலகையில் போய் மெதுவாக உட்கார்ந்து கால்களை நீட்டினார்.

"மூண்டாம் பட்டி சிக்கும்," என்றார். "உதைச்சால் ஓடும். கனமான பெட்டி எல்லாம் கீழை அடுக்கு. நீ பிழையாய் அடுக்கினால் நான் சொல்லுவன்."

யோகலிங்கம் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டைக் கைகளை மடித்துவிட்டு, குவியலில் மிகப் பெரிய பெட்டியைப் பிடித்துத் தூக்கினார். அதைக் கொண்டுபோய் வண்டியில் வைத்ததும் லூக்காஸ், பிழை, மறுபக்கம் என்றார். யோகலிங்கம் அதை மறுபடி தூக்கி மறுபக்கம் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கத் திரும்பினார்.